ஒரே பாட்டு, இரண்டு ஒலி: மெட்டாலிகாவின் 'டெத் மேக்னட்டிக்' பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2008 செப்டம்பர் 12, வெள்ளிக்கிழமை. அமெரிக்க ஹெவி மெட்டல் பேண்டான மெட்டாலிகாவின் ஒன்பதாவது ஸ்டூடியோ ஆல்பமான 'டெத் மேக்னட்டிக்' அன்றைக்குத்தான் அதிகாரபூர்வமாகக் கடைகளுக்கு வந்தது. அதே நாளில் அதே பத்துப் பாட்டும் இன்னொரு வழியிலும் வெளியாயின. 'கிட்டார் ஹீரோ 3' என்ற வீடியோ கேமை வைத்திருப்பவர்கள் ஆல்பம் முழுவதையும் பதிவிறக்கி, பிளாஸ்டிக் கிட்டாரில் வண்ணப் பொத்தான்களை அமுக்கி விளையாடலாம். சிடியும் வாங்கி, கேமும் விளையாடியவர்கள் சீக்கிரமே ஒன்றைக் கவனித்தார்கள். சிடியில் கேட்டதைவிட கேமில் பாட்டு நன்றாகக் கேட்டது. டிரம்ஸ் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழுந்தது. பேஸ் கிட்டார் எங்கே ஓடுகிறது என்று தெரிந்தது. சிடியிலோ எல்லாம் ஒன்றாக நசுங்கி, உரத்த இடங்களில் கரகரவென்று ஒரு பிசிறு கூடவே வந்தது.

அதே நான்கு பேர், அதே வாசிப்பு, அதே பதிவு. ஒலி மட்டும் வேறு.

ஒரு மூத்த பேண்ட் புது ஆல்பம் போடும்போது பழைய ரசிகர்கள் குறை சொல்வது வழக்கம்தான். "முன்ன மாதிரி இல்ல" என்ற பேச்சிலிருந்து எந்தப் பேண்டும் தப்பித்ததில்லை. அந்தக் குறையில் இசையைப் பற்றியது எவ்வளவு, கேட்பவர் தொலைத்த தன் இளமையைப் பற்றியது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். இந்த ஆல்பத்தில் அதைப் பிரித்துப் பார்க்க ஒரு வாய்ப்பு தானாக அமைந்தது. பாட்டு மாறாமல் ஒலி மட்டும் மாறிய இரண்டு பிரதிகள் ஒரே நாளில் மக்கள் கைக்கு வந்தன. ரசிகர்கள் சொன்ன குறை உண்மையானது, அவர்கள் காது சரியான இடத்தில்தான் கை வைத்தது என்று அந்த இரண்டு பிரதிகளை வைத்தே சொல்லிவிடலாம். அதற்காகவே இந்த நிகழ்வை விரிவாக எழுத வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

பழகிய காதுகள்

மெட்டாலிகா 1981-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கியது. பாடகரும் ரிதம் கிட்டாரிஸ்ட்டுமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டும் டிரம்மர் லார்ஸ் உல்ரிக்கும் அன்றிலிருந்து சேர்ந்தே இருக்கிறார்கள். லீட் கிட்டாரிஸ்ட் கிர்க் ஹேமெட் 1983-ல் வந்தார். அந்த ஆண்டிலிருந்து 1988 வரை வந்த நான்கு ஆல்பங்களை வைத்துத்தான் திராஷ் மெட்டல் என்ற அதிவேக மெட்டல் வகை என்றால் என்ன என்று பலர் கற்றுக்கொண்டார்கள். நடுவில் 1986 செப்டம்பரில், சுவீடனில் நடந்த பேருந்து விபத்தில் பேஸ் கிட்டாரிஸ்ட் கிளிஃப் பர்ட்டன் இறந்துபோனார். அவருக்கு அப்போது வயது 24.

ஒலியைப் பற்றிய முதல் பெரிய மனக்குறை அடுத்த ஆல்பத்திலேயே வந்துவிட்டது. 1988-ல் வெளிவந்த 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' ஆல்பத்தில், புதிதாகச் சேர்ந்த ஜேசன் நியூஸ்டெட் வாசித்த பேஸ் கிட்டார் காதில் விழுவதே அரிது. பாட்டுகள் அபாரமானவை, ஆனால் கட்டடத்துக்கு அடித்தளம் போடாமல் விட்ட மாதிரி இருக்கும். ரசிகர்கள் அதைப் பல வருடங்கள் பேசித் தீர்க்கவில்லை. பேஸை ஏற்றிச் சொந்தமாகக் கலந்து பார்த்துப் பகிர்ந்தவர்களும் உண்டு.

1991-ல் தயாரிப்பாளர் பாப் ராக்குடன் செய்த கறுப்பு அட்டை ஆல்பம் அதற்கு நேர் எதிர். அமெரிக்காவில் மட்டும் 1.6 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற அந்த ஆல்பத்தில் டிரம்ஸும் பேஸும் மலை மாதிரி நிற்கும். அப்புறம் 1996, 1997 ஆல்பங்கள் ராக் பக்கம் சாய்ந்தபோது ஒரு பகுதி ரசிகர்கள் கழன்றுகொண்டார்கள். 2000-ல் பாட்டைப் பகிரும் நாப்ஸ்டர் மீது வழக்குப் போட்டதில் இன்னொரு பகுதியினர் கோபப்பட்டார்கள். 2001-ல் நியூஸ்டெட் விலகினார், ஹெட்ஃபீல்ட் குடியிலிருந்து மீளச் சிகிச்சைக்குப் போனார்.

இவ்வளவுக்கும் பிறகு 2003-ல் 'செயின்ட் ஆங்கர்' வந்தது. 75 நிமிட ஆல்பத்தில் கிட்டார் தனியாக முன்னால் வந்து வாசிக்கும் சோலோ ஒன்றுகூடக் கிடையாது. ஸ்னேர் டிரம்மின் அடிப்பக்கத்தில் ஒரு கம்பிச் சரம் இருக்கும். அதுதான் 'சட்' என்ற அந்தக் கூர்மையைக் கொடுக்கும். உல்ரிக் அதைத் தளர்த்திவிட்டு அடித்தார். தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி 'டங், டங்' என்று ஆல்பம் முழுக்க ஒலிக்கும். இசை பற்றி அதிகம் யோசிக்காதவர்கள்கூட "அந்த டிரம் ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டார்கள்.

இதை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மெட்டாலிகா ரசிகர்கள் 2008-க்கு வரும்போதே ஒலியைத் தனியாகக் கேட்கப் பழகியிருந்தார்கள். ஒரு ஆல்பம் பேஸ் இல்லாமல் எப்படி ஒலிக்கும், ஸ்னேர் ஒன்று கெட்டால் மொத்தமும் எப்படிக் கெடும் என்பதெல்லாம் அந்தப் பேண்டே அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். அப்படிப்பட்டவர்களிடம் போய், "உங்களுக்கு ஒலியைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்க முடியாது.

ரூபின் வந்தார்

பாப் ராக்குடன் பதினைந்து வருடம் வேலை செய்த பிறகு, 2006-ல் பேண்ட் இன்னொரு தயாரிப்பாளரான ரிக் ரூபினிடம் போனது. 1986-ல் ஸ்லேயர் பேண்டின் மிக வேகமான ஆல்பத்தைத் தயாரித்தவர் அவர். 1990-களில் கன்ட்ரி இசைப் பாடகர் ஜானி கேஷை ஒரு கிட்டாரோடு தனியாக உட்காரவைத்துப் பாட வைத்தவரும் அவர்தான். அலங்காரத்தைக் கழற்றிப்போட்டு ஒரு கலைஞரிடம் அடியில் இருப்பதை வெளியே எடுப்பவர் என்று பெயர் பெற்றவர். மெட்டாலிகாவிடம் அவர் சொன்ன யோசனை பின்னர் பல பேட்டிகளில் வந்தது. நீங்கள் இன்னும் புகழ் பெறாத ஒரு பேண்ட், உங்களிடம் ஹிட் பாட்டு எதுவும் இல்லை, ஒரு போட்டியில் ஏறி ஜெயித்தாக வேண்டும், அப்போது என்ன வாசிப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள் என்றார். எண்பதுகளின் தங்கள் பழைய ஆல்பங்களிலிருந்தே உந்துதல் எடுத்துக்கொள்வதில் தவறில்லை என்றும் தைரியம் கொடுத்தார்.

அது வேலை செய்தது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒலி பற்றிய சண்டையில் பாட்டுகள் மறந்துபோகின்றன. பத்துப் பாட்டில் ஒன்பது ஆறு நிமிடத்துக்கு மேல். கிட்டார் சோலோக்கள் திரும்பி வந்தன. 2003-ல் சேர்ந்த ராபர்ட் ட்ருஹியோ பேஸ் வாசித்த முதல் ஸ்டூடியோ ஆல்பம் இது. 'ஆல் நைட்மேர் லாங்' பாட்டில் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) மாறி மாறித் துரத்துகிற வேகம், நாற்பதைத் தாண்டியவர்கள் வாசிக்கிறார்கள் என்றே நினைக்க விடாது. 'தி ஜூடாஸ் கிஸ்' எட்டு நிமிடம் ஓடியும் தொய்வதில்லை. வாத்திய இசை மட்டும் கொண்ட 'சூசைட் அண்ட் ரிடெம்ப்ஷன்' பத்து நிமிடத்தைத் தொடுகிறது. அதை இரண்டு மூன்று நிமிடம் குறைத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

ஆல்பம் அதிகாரபூர்வ நாளுக்குப் பத்து நாள் முன்பே பிரான்ஸில் ஒரு கடையில் விற்பனைக்கு வந்துவிட்டது, இணையத்திலும் பரவிவிட்டது. நாப்ஸ்டர் மீது வழக்குப் போட்ட அதே உல்ரிக் இந்த முறை சிரித்த முகத்தோடு விட்டுவிட்டார். பத்து நாள் முன்னால் என்பது இந்தக் காலத்தில் பெரிய விஷயமில்லை என்கிற மாதிரிப் பேசினார். அமெரிக்காவில் முதல் மூன்று நாளில் 4,90,000 பிரதிகள் விற்று ஆல்பம் முதலிடத்தில் உட்கார்ந்தது. 2009 பிப்ரவரியில் 'மை அபோகலிப்ஸ்' பாட்டுக்குச் சிறந்த மெட்டல் நிகழ்த்துதலுக்கான கிராமி விருது கிடைத்தது.

ஆக, பாட்டு நன்றாக இருந்தது, விற்றது, விருதும் வாங்கியது. அப்புறம் எதற்குச் சண்டை?

கூரையில் முட்டிய ஒலி

சிடியில் ஒலிக்கு ஒரு கூரை உண்டு. ஒலியின் ஒவ்வொரு துளியும் 16 பிட் எண்ணாகப் பதிவாகிறது. அந்த எண்ணுக்கு ஓர் உச்ச மதிப்பு உண்டு, அதற்கு மேல் எதுவும் போக முடியாது. சாதாரணமாக ஒரு ராக் பதிவில் டிரம் அடிதான் அந்தக் கூரைக்குப் பக்கத்தில் போகும். குச்சி தோலில் படுகிற அந்தச் சில மில்லிநொடிகள் மட்டும் ஒலி மேலே எகிறி உடனே இறங்கிவிடும். கிட்டார், பேஸ், குரல் எல்லாம் அதற்குக் கீழே நடமாடும். இந்த மேடு பள்ளம்தான் ஒலி வீச்சு.

இன்னும் சத்தமாக ஒலிக்க வேண்டுமென்றால் என்ன செய்வது? கூரையை உயர்த்த முடியாது. எனவே எகிறும் முனைகளை லிமிட்டர் என்ற கருவியால் அமுக்கிவிட்டு, மற்றதையெல்லாம் மேலே தள்ளுவார்கள். அளவோடு செய்தால் பாட்டு இறுக்கமாக, பக்கத்தில் நின்று வாசிக்கிற மாதிரிக் கேட்கும். எல்லா ஆல்பத்திலும் கொஞ்சம் இருக்கிற விஷயம்தான் இது. அளவு மீறும்போது முனை அமுங்காமல் வெட்டுப்படும். வளைந்து ஏறி இறங்க வேண்டிய அலையின் தலை சீவின மாதிரித் தட்டையாகிவிடும். அதற்குப் பெயர் கிளிப்பிங். அந்தத் தட்டையான இடம் ஒவ்வொன்றும் யாரும் வாசிக்காத ஒரு பிசிறொலியைப் பாட்டுக்குள் கொண்டுவரும். சிடியில் கேட்ட கரகரப்பு அதுதான்.

ஏன் இப்படிச் செய்தார்கள்? ஒரே பாட்டை இரண்டு அளவில் அடுத்தடுத்துப் போட்டால், சற்று சத்தமாக இருப்பதுதான் நல்லது என்று காது முடிவு செய்யும். இதை எல்லா ஒலிப்பொறியாளர்களும் அறிவார்கள். 1990-களில் ஒவ்வொரு நிறுவனமும் தன் சிடி பக்கத்துச் சிடியைவிட ஒரு படி உரக்கக் கேட்க வேண்டும் என்று போட்டி போட்டது. 'லவுட்னஸ் வார்' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் பேண்டின் 1999 ஆல்பத்துக்கும் இதே புகார் எழுந்தது. அதையும் தயாரித்தவர் ரூபின்.

ஒரு பதிவின் உச்சத்துக்கும் சராசரிக்கும் எவ்வளவு இடைவெளி என்று காட்ட 'டி.ஆர்.' என்ற ஒரு எளிய அளவீடு ரசிகர்களிடையே புழக்கத்துக்கு வந்தது. மெட்டாலிகாவின் 1986 ஆல்பத்தின் முதல் சிடி அதில் 10-ஐத் தாண்டும். 'டெத் மேக்னட்டிக்' சிடிக்குக் கிடைத்த எண் 3.

எண்ணை விட்டுவிட்டு முதல் பாட்டையே கேட்டுப் பாருங்கள். 'தட் வாஸ் ஜஸ்ட் யுவர் லைஃப்' ஒரு இதயத் துடிப்பில் தொடங்குகிறது. பிறகு தனியாக ஒரு கிட்டார், மெல்ல, சுத்தமான ஒலியில். அப்புறம் மொத்தப் பேண்டும் உள்ளே வருகிறது. எழுதியவர்கள் நினைத்தது என்னவென்று தெளிவாகத் தெரிகிறது. அந்த நொடியில் நெஞ்சில் ஒரு அடி விழ வேண்டும். சிடியில் அந்த அடி விழுவதில்லை. கிட்டார்கள் வந்த உடனே கூரை நிறைந்துவிடுகிறது, டிரம்ஸ் எகிற இடமே இல்லை. 'தி டே தட் நெவர் கம்ஸ்' இன்னும் வருத்தம் தரும் உதாரணம். மெதுவாகத் தொடங்கி, ஏறி, கடைசி மூன்று நான்கு நிமிடம் தறிகெட்டு ஓடுகிற அமைப்பு அது. எண்பதுகளில் இதே பேண்ட் மிக நன்றாகச் செய்த வித்தை. அந்த ஏற்றம் ஒலி அளவிலும் ஏறினால்தான் கேட்பவர் உடம்பு முன்னால் சாயும். பாதி வழியிலேயே உச்சத்தைத் தொட்டுவிட்டால் மீதி வழி எங்கே ஏறுவது?

மெட்டலுக்கு இது மற்ற இசையைவிட அதிகமாக வலிக்கிற இடம். டிஸ்டார்ஷன் போட்ட, அதாவது வேண்டுமென்றே கரகரப்பாக்கிய கிட்டார் ஏற்கெனவே ஆம்ப்ளிஃபயரில் நசுங்கித்தான் வெளியே வருகிறது. தந்தியை மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒலி அளவில் பெரிய வித்தியாசம் இருக்காது. எனவே ஒரு மெட்டல் பதிவில் மேடு பள்ளத்துக்குப் பொறுப்பு கிட்டத்தட்ட முழுவதும் டிரம்ஸ்தான். அதோடு, ஹெட்ஃபீல்ட் உள்ளங்கையால் தந்தியை அமுக்கி வாசிக்கும் அந்த 'ஜுக், ஜுக்' இருக்கிறதே, அதன் உயிர் இரண்டு அடிகளுக்கு நடுவே வரும் சின்ன மௌனத்தில் இருக்கிறது. டிரம்ஸின் தலையைச் சீவி, நடுவே இருக்கும் மௌனத்தையும் நிரப்பிவிட்டால், எவ்வளவு வேகமாக வாசித்தாலும் வேகம் தெரியாது. 75 நிமிடமும் இப்படியே ஓடினால் காது களைத்துப்போகும். பாட்டு பிடித்திருந்தும் நான்காவது ஐந்தாவது பாட்டில் கை தானாக ஒலியைக் குறைக்கப் போகும்.

கேம் எப்படிச் சாட்சியானது

கிட்டார் ஹீரோவில் விளையாடுபவர் பொத்தானைத் தவறவிட்டால் கிட்டார் ஒலி மட்டும் அறுந்துபோகும், டிரம்ஸும் குரலும் தொடரும். அப்படிச் செய்ய வேண்டுமானால் பாட்டு ஒரே கலவையாக இருந்தால் முடியாது. கிட்டார் தனி, பேஸ் தனி, டிரம்ஸ் தனி என்று தனித்தனித் தடங்களாகக் கேம் நிறுவனத்துக்குப் போக வேண்டும். மொத்தக் கலவையையும் ஒன்றாகப் போட்டு அழுத்துகிற கடைசி வேலை அந்தத் தடங்களில் நடந்திருக்க முடியாது. ஆகவே கேமுக்குள் போன பாட்டு நசுங்காமல் போய்ச் சேர்ந்தது.

ரசிகர்கள் இரண்டையும் கணினியில் போட்டு அலை வடிவத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். கேம் பதிவில் ஊசி ஊசியாக டிரம் அடிகள் எழுந்து நின்றன. சிடி பதிவு, செங்கல்லை வரிசையாக அடுக்கினது போல மேலும் கீழும் தட்டையாக இருந்தது. பிரிட்டனில் மாஸ்டரிங், அதாவது கலந்து முடித்த பாட்டை வெளியீட்டுக்கு மெருகேற்றும் கடைசி வேலையைச் செய்யும் பொறியாளர் இயன் ஷெப்பர்ட் போன்றவர்கள் இந்த ஒப்பீட்டை எடுத்து விளக்கி எழுதியதில் விஷயம் பரவியது. அந்த மாதத்துக்குள்ளேயே பெரிய பத்திரிகைகள் வரை போய்விட்டது. மாஸ்டரிங் என்ற சொல்லையே கேள்விப்படாத லட்சக்கணக்கானவர்களுக்கு அந்த இரண்டு படங்கள் ஒரே பார்வையில் புரியவைத்தன.

இதில் என்னைப் பொறுத்தவரை மிக வலுவான சான்று வேறொன்று. உரத்த ஒலிதான் காதுக்கு நல்லதாகப் படும் என்று மேலே சொன்னேன். கேம் பதிவு சிடியைவிடச் சத்தம் குறைந்தது. அப்படியிருந்தும் மக்கள் அதைத்தான் நன்றாக இருக்கிறது என்றார்கள். காதின் இயல்பான சாய்வையே மீறி வந்த தீர்ப்பு அது. சத்தம் கூட்டுவதற்கென்றே செய்த வேலை, சத்தத்தால் கிடைக்கும் சாதகத்தையும் தின்றுவிட்டிருந்தது.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். கேம் பதிவைச் சிலர் தெய்வ வாக்கு மாதிரித் தூக்கிப்பிடித்தார்கள். அது ஒரு ஆல்பமாகக் கேட்பதற்கென்று மெருகேற்றி முடித்த பதிவு இல்லை. நல்ல மாஸ்டரிங் பொறியாளர் ஒருவர் கையில் அந்தத் தடங்கள் போயிருந்தால் அதைவிட இறுக்கமாக, அதைவிட அழகாக வந்திருக்கும். கேம் காட்டியது, நல்ல ஆல்பம் ஒன்று அந்தப் பதிவுகளுக்குள்ளேயே இருந்தது என்பதைத்தான்.

யார் என்ன சொன்னார்கள்

ஆல்பத்தைத் திரும்பக் கலந்து அல்லது திரும்ப மாஸ்டரிங் செய்து வெளியிடுங்கள் என்று கேட்டு ஒரு இணைய மனு தொடங்கியது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். இதில் கவனிக்க வேண்டியது கோரிக்கையின் வடிவம். பணத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்கவில்லை. வேறு பாட்டு எழுது என்றும் கேட்கவில்லை. இதே பாட்டுகளை நாங்கள் ஒழுங்காகக் கேட்க வேண்டும் என்று கேட்டார்கள். 2003-ல் பலர் தோளைக் குலுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். இந்த முறை பாட்டு பிடித்திருந்ததால் சண்டை போட்டார்கள்.

முதலில் கோபம் போய் விழுந்தது மாஸ்டரிங் செய்தவர் மீது. நியூயார்க்கின் ஸ்டெர்லிங் சவுண்டில் வேலை செய்த டெட் ஜென்சன், துறையில் மிகுந்த மரியாதைக்குரியவர். ரசிகர் ஒருவருக்கு அவர் எழுதிய பதில் வெளியே வந்தபோது கதை திரும்பியது. தன் கைக்கு வருவதற்கு முன்பே கலவை செங்கல் மாதிரி அழுத்தப்பட்டிருந்தது, தானாக இருந்தால் இவ்வளவு தூரம் தள்ளியிருக்க மாட்டேன், இந்த வேலையில் தன் பெயர் இருப்பது பெருமையாக இல்லை என்கிற பொருளில் எழுதியிருந்தார். ஏற்கெனவே வெட்டுப்பட்ட ஒலியை மாஸ்டரிங்கில் ஒட்டவைக்க முடியாது. ஆகவே மனு கேட்ட இரண்டில், வெறும் மறு மாஸ்டரிங் உதவாது. தடங்களைக் கலக்கும் மிக்ஸிங்கிலிருந்தே திரும்பத் தொடங்க வேண்டும். வேலை எந்தக் கட்டத்தில் கெட்டது என்பதை ரசிகர்கள் தப்பாக ஊகித்திருந்தார்கள். ஆனால் கெட்டிருக்கிறது என்று சொன்னதில் தப்பில்லை.

பேண்ட் தரப்பில் உல்ரிக் ஆல்பத்தின் பக்கம் உறுதியாக நின்றார். ஒலித்தரத்தில் எந்தப் பிரச்சினையும் இல்லை, இந்தக் காலத்தில் ஆல்பம் இப்படித்தான் செய்யப்படுகிறது, ரூபினுக்கு ஒலி உயிரோட்டமாகவும் உரத்தும் இருக்க வேண்டும், காரில் போட்டுக் கேட்டேன், பிரமாதமாக இருந்தது என்பதே அவர் பேச்சின் சாரம். மேலாளர் கிளிஃப் பர்ன்ஸ்டைனும் பெரும்பான்மையானவர்களுக்குப் பிடித்திருக்கிறது என்றே சொன்னார்.

உல்ரிக் பொய் சொல்லவில்லை என்று நான் நம்புகிறேன். ஓடுகிற காரில், டயர் சத்தத்துக்கும் எஞ்சின் சத்தத்துக்கும் நடுவே, மேடு பள்ளம் இல்லாத ஒலி உண்மையிலேயே நன்றாகக் கேட்கும். மெல்லிய பகுதிகள் சாலை இரைச்சலில் மூழ்காது. பல ரசிகர்களும் அந்த முரட்டுத்தனம்தான் பிடிக்கிறது, சுத்தமான ஒலி வேண்டுமென்றால் வேறு இசை கேளுங்கள் என்றார்கள். அந்த ரசனையை நான் குறை சொல்ல மாட்டேன். மெட்டலில் அழுக்குக்கும் ஒரு இடம் உண்டு. ஆனால் கிட்டாரிஸ்ட் தேர்ந்தெடுத்த அழுக்கு வேறு, எண் நிறைந்து வழிந்ததால் வந்த அழுக்கு வேறு. முன்னதை ஆம்ப்ளிஃபயரின் குமிழைத் திருகித் திருகி ஒருவர் பல மணி நேரம் தேடியிருப்பார். பின்னதை யாரும் தேடவில்லை.

உலகச் சுற்றுப்பயணத்தில் பாட்டுகள் மேடைக்கு வந்தபோது இன்னொரு ஒப்பீடு கிடைத்தது. மெட்டாலிகா 2004 முதலே தன் கச்சேரிப் பதிவுகளை அதிகாரபூர்வமாக விற்றுவந்தது. மேடைப் பதிவுகளில் 'சயனைட்', 'ஆல் நைட்மேர் லாங்' போன்ற பாட்டுகள் மூச்சு விட்டு நடந்தன. ஆல்பத்தில் கேட்டு மனசு ஒட்டாத சிலர் கச்சேரியில் கேட்ட பிறகு அதே பாட்டுகளை விரும்ப ஆரம்பித்தார்கள்.

அதற்குப் பிறகு

கனடாவின் ரஷ் பேண்டுக்கு 2002-ல் இதே மாதிரி நடந்தது. 'வேப்பர் டிரெய்ல்ஸ்' என்ற அவர்கள் ஆல்பம் நசுங்கிய ஒலியோடு வெளிவந்தது. ரசிகர்கள் மட்டுமல்ல, பேண்டுக்கே அதில் திருப்தி இல்லை. 2009-ல் இரண்டு பாட்டுகளைத் திரும்பக் கலந்து பார்த்தார்கள். வரவேற்பு இருந்தது. 2013-ல் ஆல்பம் முழுவதையும் புதிதாகக் கலந்து வெளியிட்டார்கள். பழையது பிடித்தவர்களுக்குப் பழையது இருக்கிறது, மற்றவர்களுக்குப் புதியது. யாரும் எதையும் இழக்கவில்லை.

மெட்டாலிகா அந்த வழியில் போகவில்லை. 1988 ஆல்பத்தை 2018-ல் பெரிய பெட்டித் தொகுப்பாக மறுவெளியீடு செய்தபோதுகூட, முப்பது வருடப் புகாருக்குப் பிறகும், பேஸ் கிட்டாரைத் தொடவில்லை. பதிவு என்பது அந்தக் காலத்தின் சுவடு, அதைத் திருத்தக் கூடாது என்கிற நிலை. அதில் ஒரு கண்ணியம் இருக்கிறது, நான் மதிக்கிறேன். ஆனால் 1988-ல் பேஸைக் குறைத்தது கேட்டு எடுத்த ஒரு முடிவு. 2008-ல் நடந்தது சிடிகளுக்கு நடுவே நடந்த சத்தப் போட்டியின் தேவை. அந்தப் போட்டியே பிறகு இல்லாமல் போய்விட்டது.

அது போனதற்குக் காரணம் ஸ்ட்ரீமிங். 2006-ல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம், மனிதக் காது உணரும் உரப்பை அளக்க ஒரு தர அளவை வகுத்தது. பெரிய ஸ்ட்ரீமிங் சேவைகள் பின்னர் அந்த அளவை வைத்து எல்லாப் பாட்டுகளையும் ஒரே உரப்புக்குக் கொண்டுவர ஆரம்பித்தன. ஸ்பாட்டிஃபையின் இயல்பான அமைப்பில் 'டெத் மேக்னட்டிக்' போட்டால், அது ரொம்பச் சத்தம் என்று செயலியே பல டெசிபல் கீழே இறக்கிவிடும். 1986 ஆல்பத்தின் பாட்டை அடுத்துப் போட்டால் இரண்டும் ஒரே உரப்பில் வரும், ஆனால் பழைய பாட்டின் டிரம்ஸ் முகத்துக்கு நேரே வந்து அடிக்கும். சத்தத்துக்காகக் கொடுத்த விலை அப்படியே இருக்கிறது, வாங்கிய சத்தம் மட்டும் பறிபோய்விட்டது. 2008-ல் இதை அளந்து காட்டப் படங்கள் தேவைப்பட்டன. இப்போது இரண்டு பாட்டை அடுத்தடுத்துப் போட்டாலே போதும்.

'டெத் மேக்னட்டிக்' பதிவில் ஒலிப்பொறியாளராக இருந்த கிரெக் ஃபிடல்மன், 2016-ல் வந்த 'ஹார்டுவயர்ட் டு செல்ஃப் டிஸ்ட்ரக்ட்' ஆல்பத்தை ஹெட்ஃபீல்ட், உல்ரிக்குடன் சேர்ந்து தயாரித்தார். அதுவும் உரத்த ஆல்பம்தான். இருந்தாலும் ஸ்னேர் அடி எங்கே விழுகிறது என்று தெரிகிறது, சிம்பல் ஒலி தேய்ந்து மறைவது கேட்கிறது. ரசிகர்களின் சத்தம் ஸ்டூடியோவுக்குள் போய்ச் சேர்ந்ததா, காலம் மாறியதா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. என் காதுக்கு வித்தியாசம் இருக்கிறது.

கேமின் தடங்களை எடுத்து, சிடியின் சில பகுதிகளைச் சேர்த்து, ரசிகர்கள் தாங்களே கலந்த பதிப்புகள் 2008 முதலே கைமாறி வருகின்றன. சிலது சுமார், சிலது வியக்கவைக்கும் அளவுக்கு நன்று. சம்பளமில்லாமல், வீட்டுக் கணினியில், தங்களுக்குப் பிடித்த பேண்டின் ஆல்பத்தை அதற்குரிய ஒலியில் கேட்டுவிட வேண்டும் என்று ராத்திரி உட்கார்ந்து செய்த வேலை அது. அப்படிப்பட்ட ஒரு கலவையில் முதல் பாட்டைக் கேட்டேன். இதயத் துடிப்பு, தனிக் கிட்டார், சின்ன இடைவெளி. அப்புறம் நான்கு பேரும் ஒன்றாக உள்ளே வந்தார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.